எச்சில் வாளி

சத்துணவுக்கூடத்து ராமாமணிக்கு மனிதர்கள் மேல் பெரிய மரியாதை கிடையாது. எல்லோரிடமும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவாள். ஆனால் அந்த ‘ங்க’வுக்குள்ளேயே எதிராளியை நாலாக மடித்து இடுக்கில் செருகிவிடுவாள். “உங்களுக்குத் தெரியாததாங்க” என்று அவள் ஒருவரைப் பார்த்துச் சொன்னால், அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது பக்கத்தில் நிற்கிறவர்களுக்கெல்லாம் விளங்கிவிடும்.

காரமடைப் பக்கம் பிறந்தவள். எட்டாவது வரை படித்தாள். கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் பட்டறையில் வேலை பார்த்த ஒருவனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை தங்கமான பையன் என்று தரகர் சொன்னார். அவர் அவனைக் காலையில் மட்டும் பார்த்திருக்க வேண்டும். பன்னிரண்டு வருஷம் விடாமல் குடித்து, ஈரல் வீங்கி, அவன் போய்ச் சேர்ந்தான். ஆதரவற்ற விதவை என்று அரசாங்கம் அவளுக்குச் சத்துணவில் சமையல் வேலை கொடுத்தது. “ஒரு கையில பாட்டில நீட்டிப் புருசன வாங்கிக்கிட்டாங்க, மறு கையில கரண்டியக் குடுத்துப்போட்டாங்க. கொடுக்கல் வாங்கல் சுத்தமுங்க” என்பாள். வேலைக்கு வந்து இருபத்தொரு வருஷம் ஆகிறது. கோயம்புத்தூரின் பழைய நகரப் பக்கம் ஒரு மாநகராட்சி உயர்நிலைப் பள்ளி. ஆறிலிருந்து பத்து வரை வகுப்புகள். சாப்பிடுகிற பிள்ளைகள் இருநூற்றுப் பத்து.

அவளுக்கென்று ஒரு வேலைமுறை இருந்தது. மற்ற சமையலம்மாக்கள் பரிமாறி முடித்ததும் நிழல் பார்த்து உட்கார்ந்து காலை நீட்டுவார்கள். ராமாமணி கரண்டியை வைத்த கையோடு குழாயடிக்குப் போய் எச்சில் வாளிக்குப் பக்கத்தில் நின்றுகொள்வாள். ஒவ்வொரு பிள்ளையும் தட்டில் மிஞ்சியதை அவள் கண் முன்னால்தான் வாளியில் கொட்ட வேண்டும். வாத்தியார்கள் பேப்பர் திருத்துகிறார்கள், நான் தட்டுத் திருத்துகிறேன் என்பது அவள் கட்சி. யாருக்குக் காய்ச்சல் வரப்போகிறது, யார் வீட்டில் நேற்று கல்யாணச் சாப்பாடு, எந்த இரண்டு பேருக்குள் சண்டை, எல்லாம் தட்டைப் பார்த்தே சொல்லுவாள். சொன்னது பலிக்கும். பலித்தால், பலித்ததை நாலு பேருக்குச் சொல்லாமல் விடமாட்டாள். இந்தப் பெருமை ஒன்றுதான் அவள் தன்னிடமே திட்டாமல் விட்டு வைத்திருந்த கெட்ட பழக்கம்.

மூன்று நாலு வருஷத்துக்கு முன்னால் வாளி ஒரு புதுச் சேதி சொல்லத் தொடங்கியது. புதன்கிழமை மிளகு முட்டை போடுவாள். முட்டையை ஒதுக்குகிற பிள்ளையை அவள் அதுவரை பார்த்ததில்லை. இப்போது மிளகைச் சுரண்டி எடுத்துவிட்டு உள்ளே இருக்கிற மஞ்சளை மட்டும் தின்றுவிட்டு வந்தார்கள். சிலர் தக்காளிச் சோற்றைத் தண்ணீர் விட்டுக் கரைத்து மருந்து மாதிரி விழுங்கினார்கள். ஒருவனைப் பிடித்து உதட்டைப் புரட்டிப் பார்த்தாள். உள்பக்கம் வெந்து வெளுத்திருந்தது.

அது உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒடுக்கி வைக்கிற புகையிலைப் பொட்டலம். தபால் தலை அளவுதான் இருக்கும். பிள்ளைகள் அதற்குத் ‘தலையணை’ என்று பேர் வைத்திருந்தார்கள். அதை விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதனால் பள்ளிக்கு எதிரே தம்பிதுரை கடையில் அதைக் குரலைத் தாழ்த்திக் கேட்க வேண்டும். சட்டத்தால் விளைந்த பலன் அவ்வளவுதான்.

பள்ளியும் சும்மா இருக்கவில்லை. விழிப்புணர்வு ஊர்வலம் ஒன்று நடத்தினார்கள். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்த பிள்ளைகளை வெயிலில் இரண்டு கிலோமீட்டர் நடக்கவிட்டு, புகையிலை ஒழிக என்று கத்த வைத்தார்கள். எட்டாவது படிக்கிற ஒருத்தி மயங்கி விழுந்தாள். வழியில் பிள்ளைகளுக்கு ஜூஸ் பாக்கெட் கொடுத்த புண்ணியவான் தம்பிதுரைதான். ஃப்ளெக்ஸ் பேனரில் கும்பிட்டபடி அவன் படமும் இருந்தது. “ஏனுங்க தம்பிதுரை, உங்க கடைச் சரக்கு ஒழியணும்னு நீங்களே ஜூஸ் குடுக்கறீங்களே, உங்கள மாதிரி தியாகி உண்டுங்களா?” என்று ராமாமணி நடுரோட்டில் நின்று கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே இன்னொரு பாக்கெட்டை அவளிடம் நீட்டினான்.

அஞ்சாம் வகுப்பு வரை பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு உண்டு. ஆறாம் வகுப்புக்கு வந்ததும் காலையில் பசிக்காது என்று மேலே யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள். பசிக்குப் பதிலாக வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை. வெறும் வயிற்றில் அதை விழுங்கிய பிள்ளைகள் சுவரோரம் வாந்தி எடுப்பதை ஒவ்வொரு வியாழனும் ராமாமணி அடுப்படியிலிருந்து பார்ப்பாள். அந்தப் பசியை அடக்கத்தான் தலையணை என்று தெரிந்துகொள்ள அவளுக்கு எந்த ஆராய்ச்சியும் வேண்டியிருக்கவில்லை. தின்ன எதுவும் இல்லாத வாய்க்கு வைக்க ஏதாவது வேண்டியிருந்தது.

சமீராவை அவள் கண்டுபிடித்தது போன ஆடி மாதம். ஒன்பதாவது படிக்கிற பெண். அத்தா பாலக்காட்டுப் பக்கம் வேலைக்குப் போனவர், அங்கேயே வேறு குடும்பம் தேடிக்கொண்டார். அம்மா சபுரா மண்டியில் பூண்டு உரிக்கிறாள். அக்கா திருப்பூரில் பனியன் கம்பெனியில். சமீரா விடியற்காலையில் எழுந்து ஒரு ஹோட்டலுக்குச் சின்ன வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டு, உடுப்பை மாட்டிக்கொண்டு பள்ளிக்கு ஓடி வருவாள். முட்டையை அப்படியே முழுசாக வாளியில் போட வந்தவளை ராமாமணி கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“வாயத் தொற, அம்மணி.”

சமீரா தலையைக் குனிந்துகொண்டாள்.

“தொறக்க மாட்டியா, தொறக்க முடியலியா?”

“முழுசாத் தொறக்க வர்லீங்க.”

ராமாமணி அவளை அடுப்படிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தாள். அந்த வாயில் ஒரு விரல்தான் நுழைந்தது. முதலில் கடைவாய்ப் பல் வலி. ஆஸ்பத்திரிக்குப் போனால் சபுராவுக்கு ஒரு நாள் கூலி போய்விடும். பல்லில் ஒரு தலையணையை வைத்து அழுத்து, வலி தெரியாது என்று பக்கத்து வீட்டுக்காரி வைத்தியம் சொல்லிக் கொடுத்தாள். வலி போனது. கூடவே பசியும் போனது.

“ஒரு நாளைக்கு எத்தனை வெக்கறே?”

“நாலுங்க.”

“காலைல என்ன தின்னுபோட்டு வந்தே?”

“அதான் சொன்னனேங்க.”

ராமாமணி அன்றைக்கு ஊரில் இருந்த அத்தனை பேரையும் திட்டினாள். ஓடிப்போன அத்தாவை, தம்பிதுரையை, பக்கத்து வீட்டு வைத்தியச்சியை, மாத்திரை அனுப்புகிறவர்களை எல்லாம் வரிசையாகத் திட்டித் தீர்த்துவிட்டு, சனிக்கிழமை சமீராவை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு வந்தாள். இப்போதே விட்டுவிட்டால் வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும், விடாவிட்டால் இப்படியே இறுகிவிடும், அப்புறம் கஞ்சிதான் என்று டாக்டர் சொன்னார். சபுராவிடம் சொன்னபோது அவள் அழவில்லை. “படிக்கட்டுமுங்க. ஆனாப் பள்ளிக்கூடத்துல இதப்பத்தி ஒரு பேச்சு வந்துதுன்னா அன்னைக்கே திருப்பூருக்கு அனுப்பிப்போடுவேன். மூத்தவளுக்குப் பேசிட்டு இருக்கறமுங்க. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க காதுக்குப் போனா அதும் கெட்டுப்போகும்” என்றாள். ராமாமணி தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

அதிலிருந்து தினமும் காலை மணியடிக்கும் முன்னால் சமீரா அடுப்படிப் பின்வாசலுக்கு வருவாள். ராமாமணி வீட்டிலிருந்து ஒரு டப்பாவில் இரண்டு இட்லி கொண்டுவருவாள். புதன்கிழமை மிளகில் புரட்டுவதற்கு முன்பே ஒரு முட்டையை எடுத்துத் தயிரில் மசித்து ஒதுக்கி வைப்பாள். இட்லி தின்றால் ஒரு தலையணையைக் குறைக்க வேண்டும் என்பது பேச்சு. நாலு மூன்றானது, மூன்று இரண்டானது. திங்கட்கிழமைதோறும் சமீரா வாயைத் திறந்து விரலை நெட்டுக்கு அடுக்கி அளந்து காட்டுவாள். கார்த்திகையில் இரண்டு விரல் நுழைந்தது. மார்கழிப் பிறப்பில் இரண்டரை. “மூணு வெரல் போச்சுன்னா உனக்கு முழு மிளகு முட்டை, அம்மணி” என்றாள் ராமாமணி. சமீரா சிரித்தாள். ராமாமணியும் சிரித்தாள், அவள் சிரித்து அந்தப் பள்ளியில் யாரும் அதுவரை பார்த்ததில்லை.

தை பிறந்ததும் நந்திதா வந்தாள்.

ஏதோ ஒரு கல்லூரியிலிருந்து வளரிளம் பிள்ளைகளின் சாப்பாட்டையும் பழக்கவழக்கத்தையும் ஆராய வந்த பெண். நல்ல பெண்தான், அதுதான் வம்பாகிப் போனது. கையில் பதினெட்டுப் பக்கக் கேள்வித்தாள். கடந்த வாரம் எத்தனை முறை பழம் சாப்பிட்டீர்கள்? கடந்த முப்பது நாளில் எத்தனை முறை போதைப் பொருள் பயன்படுத்தினீர்கள்? வகுப்பில் டீச்சர் முன்னாலேயே பிள்ளைகள் பேனாவை எடுத்துச் சமத்தாக டிக் அடித்தார்கள். தினமும் ஆப்பிள் தின்கிறார்கள். புகையிலை என்றால் என்னவென்றே தெரியாது. அந்தத் தாள்களை நம்பினால் நாட்டிலேயே ஆரோக்கியமான இடம் அந்தப் பள்ளிதான்.

தாள்களை எடுத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் வந்த நந்திதா, அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து, தட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். “அம்மா, இந்தப் பிள்ளைங்க எழுதினதெல்லாம் எனக்கே நம்பிக்கையா இல்ல. உங்களுக்குத்தான் உண்மை தெரியும்னு தோணுது” என்றாள்.

இருபத்தொரு வருஷத்தில் ஆய்வு, தணிக்கை, திடீர்ச் சோதனை என்று எத்தனையோ பேர் வந்து போயிருக்கிறார்கள். முட்டையை எண்ணுவார்கள், பருப்பை நிறுப்பார்கள். உனக்கு என்னம்மா தெரியும் என்று ஒருவரும் கேட்டதில்லை. ராமாமணி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள்.

“இந்தப் பதினெட்டுப் பக்கமும் தண்டமுங்க. என்ற வாளிக்குப் பக்கத்துல அரை மணி நேரம் நில்லுங்க, நான் தட்டப் பாத்தே சொல்லிப்போடறேன்.”

சொன்னதோடு நின்றிருக்கலாம். அவள் சொல்லிக் காட்டினாள். வரிசையாக வந்த பிள்ளைகளை, இவனுக்கு மூன்று மாதமாக உண்டு, அவனுக்குப் புதுசு, இவன் விட்டுவிட்டான் என்று மார்க் போடுகிற மாதிரி சொன்னாள். நந்திதாவின் கண் விரிய விரிய ராமாமணியின் நாக்கும் நீண்டது. தன் கெட்டிக்காரத்தனத்துக்கு மகுடம் வைக்கிற மாதிரி, கடைசியில், “அதோ போறாளே, சமீரா. ஒரு வெரல்ல இருந்து ரெண்டரை வெரலுக்குக் கொண்டாந்திருக்கறனுங்க” என்றாள்.

“பேரெல்லாம் எங்கயும் வராதும்மா” என்றாள் நந்திதா. எழுதிக்கொண்டேதான் சொன்னாள்.

ஆய்வறிக்கையில் பேர் வரவில்லை. அந்தப் பெண் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ஆனால் பிள்ளைகள் மேல் அக்கறை பொங்கி, இவர்களுக்கு ஆலோசனை கொடுத்தால் நல்லது என்று ஏழு பேரை, சமையலம்மா சொன்னது என்ற குறிப்போடு, தனித் தாளில் எழுதித் தலைமையாசிரியர் சாமுவேலிடம் கொடுத்துவிட்டுப் போனாள். படித்தவர்கள் நல்லது செய்யக் கிளம்பினால் இப்படித்தான் செய்வார்கள்.

சாமுவேல் சார் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருக்கக்கூடத் துணிச்சல் வேண்டும். அவருக்கு ஓய்வு பெற ஒன்றரை வருஷம் இருந்தது. ‘புகையிலை இல்லா வளாகம்’ என்ற சான்றிதழும் வாசலில் ஒரு போர்டும் அடுத்த மாதம் பள்ளிக்குக் கிடைப்பதாக இருந்தது. தாள் கைக்கு வந்ததும் அந்த ஏழு பேரின் பைகளைச் சோதனை போட்டார். மூன்று பேரின் அப்பாக்கள் வந்து காலில் விழாத குறையாகக் கெஞ்சி மன்னிப்புக் கடிதம் கொடுத்தார்கள். அப்பா வராத நாலு பேருக்கு டி.சி. எழுதப்பட்டது. டி.சி.யில் போட்ட காரணம், பெற்றோர் விருப்பம். நாலாவது டி.சி. சமீராவுக்கு. அவள் பையில் ஒன்றும் அகப்படவில்லை, தாளில் பேர் இருந்ததே போதுமாக இருந்தது.

மறுநாள் காலை இட்லி டப்பா அப்படியே இருந்தது. பத்து மணிக்குச் சபுராவே பின்வாசலில் வந்து நின்றாள். கையெல்லாம் பூண்டு வாசம்.

“எங்கிட்டச் சத்தியம் பண்ணிப்போட்டு, என்ற புள்ள வாய ஊருக்கே தொறந்து காட்டிப்போட்டீங்களேங்க” என்றாள். குரல் உயரவே இல்லை. “ஞாயித்துக்கிழமை அவங்க அக்காகூடப் போறா. அங்க செக்கிங் வேல. நின்னுட்டே பாக்கற வேலையாம், பசி தெரியாம இருக்க அங்க எல்லாப் புள்ளைங்களும் இதத்தான் வெக்குதாம்.”

யாரைத் திட்டுவது? ராமாமணி வழக்கமாகத் திட்டுகிற ஆட்களை எல்லாம் மனசுக்குள் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். ஒருவரும் பொருந்தவில்லை. இருபத்தொரு வருஷமாக ஊரையே ஏளனம் செய்த நாக்கு ஒரு தட்டுச் சோற்றுக்கும் ஒரு பாராட்டுக்கும் விலைபோயிருந்தது.

அடுப்பை உதவியாளிடம் விட்டுவிட்டு நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போனாள்.

“அந்தப் புள்ளைங்களத் திருப்பிச் சேத்துங்க சார்.”

“நான் என்ன பண்றதுங்கம்மா? நீங்க சொன்னதுதானே.”

“நான் சொன்னதுனாலதாங்க கேக்கறேன். நாலு டி.சி. ஒரே நாள்ல எழுதியிருக்கறீங்க. சான்றிதழ் குடுக்க வர்றவரு பதிவேட்டப் பாத்தா ஏன்னு கேக்க மாட்டாருங்களா? புகையிலைக்குன்னு சொன்னா போர்டு போச்சு. பெத்தவங்க விருப்பம்னு சொன்னா, நான் அவரு முன்னால வந்து நிப்பேனுங்க.”

சாமுவேல் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். ஒரு பயத்தை இன்னொரு பயத்தோடு எடை போட அவருக்கு அவ்வளவு நேரம் ஆனது.

“ஒரு வழி இருக்குங்க. நீங்க சொன்னது தப்புன்னு எழுதிக் குடுத்தீங்கன்னா, அந்தத் தாளே தப்புன்னு ஆயிடும். டி.சி.ய ரத்து பண்ணிடலாம்.”

அவர் சொல்லச் சொல்ல அவளே எழுதினாள். எனக்குப் பிள்ளைகளின் வாயைப் பார்த்துச் சொல்லும் அறிவு கிடையாது. தட்டைப் பார்த்துச் சொன்னது வெறும் ஊகம். தற்பெருமைக்காகப் பொய் சொன்னேன். இப்பள்ளியில் புகையிலைப் பழக்கம் உள்ள மாணவர் எவரும் இல்லை. இனி இதுபோல் பேச மாட்டேன். இப்படிக்கு, கே. ராமாமணி, சமையலர். ‘தற்பெருமை’ என்ற சொல்லை மட்டும் அவர் சொல்லவில்லை. அவளாகச் சேர்த்தாள்.

அந்தக் கடிதத்தால் பள்ளி சுத்தமாகிவிட்டது. சான்றிதழ் வந்தது, வாசலில் பச்சைப் போர்டு ஏறியது. திறப்பு விழாவுக்குத் தம்பிதுரை ஜூஸ் கொடுத்தான். ராமாமணி தூரத்தில் நின்று பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. இந்தத் தடவை அவனைவிடப் பெரிய உபயம் அவளுடையது.

நாலு பேரும் திரும்பி வந்தார்கள். சமீராவும் வந்தாள், புகையிலைப் பேச்சே பொய் என்று எழுத்திலேயே ஆனதும் சபுரா மனசு இளகியிருந்தாள். காலையில் பின்வாசலில் ராமாமணி இட்லி டப்பாவோடு காத்திருந்தாள். சமீரா முன்வாசல் வழியாக நேரே வகுப்புக்குப் போனாள். அடுத்த நாளும் அப்படியே போனாள்.

புதன்கிழமை தயிரில் மசித்த முட்டை தனியாக இருந்தது. சமீரா வரிசையில் வந்து எல்லோரையும் போலத் தட்டை நீட்டி, “மிளகு முட்டைங்க” என்றாள். வாங்கிக்கொண்டு போய் மரத்தடியில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு துண்டாகப் பிட்டு, இடுக்கில் திணித்து, மென்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைக்கவில்லை, நிறுத்தவும் இல்லை. ராமாமணி சுற்றிப் பார்த்தாள். அங்கங்கே இன்னும் ஐந்தாறு பேர் அதேபோல் கண்ணீர் வழிய மிளகைத் தின்றுகொண்டிருந்தார்கள். வாளிக்குச் சொல்ல ஒன்றும் வைக்காமல், ஒரு பருக்கை விடாமல் வழித்தார்கள்.

மாதக் கடைசியில் ஆய்வுக்கு வந்த அதிகாரி எச்சில் வாளியை எட்டிப் பார்த்தார். அடியில் தண்ணீர் மட்டும் கிடந்தது. “பிரமாதம். எந்தப் பள்ளியிலயும் இப்படி வீணாக்காமச் சாப்பிட்டு நான் பாத்ததில்ல” என்று சொல்லிப் பதிவேட்டில் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாமுவேல் சார் ராமாமணியின் கைப்பக்குவத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சேர்த்துச் சொன்னார்.

அவர்கள் போன பிறகு சமீரா தட்டைக் கழுவ வந்தாள். வாளிக்கு மேல் தட்டைக் கவிழ்த்துக் காட்டினாள். ஒன்றும் விழவில்லை.

ராமாமணி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “இப்ப எத்தனை வெரல் போகுது, அம்மணி? வாய ஒருக்காத் தொற கண்ணு.”

சமீரா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு ஒரு கணம் அவளையே பார்த்தாள்.

“எனக்கு ஒண்ணுமில்லீங்க” என்றாள். “நீங்கதான் எழுதிக் குடுத்திருக்கறீங்களே.”

தட்டைக் கழுவி உதறிவிட்டு அவள் போய்விட்டாள். அடுத்த பிள்ளை வந்து துடைத்துப் போட்ட தட்டை வாளிக்கு மேல் கவிழ்த்துக் காட்டியது. அதற்கடுத்த பிள்ளையும் காட்டியது. ராமாமணி நின்றுகொண்டே இருந்தாள்.